ஆப்ஷன் 66-ம் “தானா வேலை செய்யும் போன்” என்கிற கதையும்

“சார், டப்பாவைப் பிரிங்க, நெட்வொர்க் வயரைச் சொருகுங்க, மத்ததை போனே பாத்துக்கும்.” ஐபி போன் விக்கிறவங்க எல்லாரும் மனப்பாடமா வெச்சிருக்கிற வசனம் இது. சொன்னவர் பில்லுக்குக் காசு வாங்கிட்டுப் போயிடுவார். அதுக்கப்புறம் நாப்பது போன் மேசை மேல “நோ சர்வீஸ்”னு முழிச்சிக்கிட்டு நிக்கும். திட்டு வாங்குறது யாரு? வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம் கூட ஆகாத நெட்வொர்க் பையன். இந்த அநியாயத்தைப் பத்தித்தான் இன்னிக்குப் புலம்பப் போறேன்.

முதல்ல மேட்டர் என்னன்னு சுருக்கமா பாத்துடலாம். போன் உயிர் வந்ததும் “எனக்கு ஒரு முகவரி குடுங்க”ன்னு கத்தும். டிஎச்சிபி சர்வர் ஐபி முகவரி குடுக்கும். கூடவே சில துண்டுச்சீட்டும் குடுக்கும். கேட்வே எது, டிஎன்எஸ் எது, நேரம் எங்கே கேக்கணும், உன் செட்டிங்ஸ் ஃபைல் எந்த சர்வர்ல இருக்கு. இந்தத் துண்டுச்சீட்டுக்குப் பேர்தான் ஆப்ஷன். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். அந்தக் கடைசிச் சீட்டு சரியாப் போய்ச் சேர்ந்தா போன் தானா எழுந்து உக்காரும். இல்லேன்னா அம்போ.

இப்ப கேளுங்க கூத்தை. 1997-ல வந்த ஆர்எஃப்சி 2132 ஆப்ஷன் 66-க்கு என்ன வேலை குடுத்துச்சு தெரியுமா? டிஎச்சிபி பாக்கெட் தலைப்புல சர்வர் பேருக்குன்னு இருக்கிற இடத்தை வேற ஆப்ஷன்களை வைக்க எடுத்துக்கிட்டா, டிஎஃப்டிபி சர்வர் பேரை இதுல எழுது. அவ்ளோதான். முழு இணைய முகவரி எழுதலாமா, வெறும் ஐபி எழுதினா போதுமா, இதெல்லாம் அதுல இல்லை. போன் கம்பெனிகள் ஆளுக்கொரு அர்த்தம் எடுத்துக்கிட்டாங்க. ஒரு போன் வெறும் ஐபியைப் பாத்தா டிஎஃப்டிபின்னு நினைச்சு ஓடும். அதே ஐபியை இன்னொரு போன் வேற விதமா எடுத்துக்கும். எச்டிடிபிஎஸ்னு முழுசா எழுதினா ஒண்ணு சந்தோஷப்படும், பழசு ஒண்ணு அதையே சர்வர் பேருன்னு நினைச்சு டிஎன்எஸ்ல தேடும்.

இது போதாதுன்னு தனி நம்பர் வேற. சிஸ்கோவுக்கு 150. பாலிகாமுக்கு 160. அவாயாவுக்கு 242, அதுக்கு முன்னாடி 176. இன்னும் சிலர் 43-க்குள்ள பொட்டலம் கட்டி வைக்கணும்னு கேப்பாங்க. 128-லேர்ந்து 223 வரைக்கும் பொது ஒதுக்கீடு, சொந்த உபயோகத்துக்கு 224-லேர்ந்து 254-ன்னு 2004-லேயே ஆர்எஃப்சி 3942 கோடு போட்டுச்சு. யார் கேட்டா? சிஸ்கோவோட 150-ஐ 2010-ல ஒரு ஆர்எஃப்சியா எழுதி வெச்சாங்க, அந்த மட்டும் பரவாயில்லை.

160 கதைதான் உச்சம். 2015-ல வைஃபை லாகின் பக்கத்தைக் காட்டறதுக்குன்னு முறைப்படி ஒதுக்கின நம்பர் அது. ஆனா பாலிகாம் போன்கள் ஏற்கெனவே அங்க உக்காந்திருந்துச்சு. கடைசியில 2020-ல ஆர்எஃப்சி 8910 வந்து, ஒதுக்கீடு வாங்கினவனையே 114-க்குக் குடி மாத்துச்சு. ஊர்ப் பொது இடத்துல கொட்டகை போட்டவனை விட்டுட்டு, பட்டா வெச்சிருந்தவனைக் காலி பண்ணச் சொன்ன கதை. இதுக்குப் பேர் ஸ்டாண்டர்டாம்!

சரி, கம்பெனிகளை மட்டும் திட்டினா போதுமா? நம்மாளுங்க பண்றது அதைவிடக் கொடுமை. 66, 67, 150, 160, 43 எல்லாத்தையும் எல்லா ஸ்கோப்லயும் போட்டு வைப்பாங்க. “எதையாவது ஒண்ணைப் பிடிச்சுக்கும் சார்.” பிடிக்கலேன்னா ஃபேக்டரி ரீசெட். அதுவும் ஆகலேன்னா “போன் பீஸ் சரியில்லை”ன்னு திருப்பி அனுப்பறது. இது வைத்தியமா? எல்லா மாத்திரையையும் கலக்கி வாயில ஊத்தற வேலை.

போன் வாயைத் திறந்து சொல்லுதுங்க ஐயா! ஸ்விட்ச்ல அந்த போர்ட்டை மிரர் பண்ணி வயர்ஷார்க்ல பாருங்க. போன் அனுப்பற டிஸ்கவர் பாக்கெட்ல ஆப்ஷன் 55-னு ஒரு பட்டியல் இருக்கும். “எனக்கு இந்த இந்த நம்பர் வேணும்”னு போனே எழுதிக் குடுக்கற லிஸ்ட் அது. ஆப்ஷன் 60-ல நான் யாருன்னும் சொல்லும். பொதுவா சர்வர் கேட்டதை மட்டும்தான் குடுக்கும். லிஸ்ட்ல 150 இல்லாத போனுக்கு நீங்க 150-ஐ எத்தனை தடவை எழுதினாலும் போய்ச் சேராது. நாப்பது கையேடு படிக்கறதைவிட இந்த ஒரு பாக்கெட் மேல்.

அடுத்து, சர்வர் திருப்பி அனுப்பற பதிலைப் பாருங்க. 150 ஐபி முகவரியா போகணும், ஒரு முகவரிக்கு நாலு பைட். சிலர் அதை எழுத்தா அடிச்சிடுவாங்க. 192.168.10.5-ஐ எழுத்தா அனுப்பினா பன்னிரண்டு பைட். போன் அதை மூணு முகவரியா படிக்கும். முதல் முகவரி 49.57.50.46! ஏன்னா ‘1’, ‘9’, ‘2’, புள்ளி இந்த நாலு எழுத்தோட ஆஸ்கி எண்கள் அதுதான். எங்கேயோ இருக்கிற முகவரிக்குப் போன் பரிதாபமா தட்டிக்கிட்டு இருக்கும். விண்டோஸ் சர்வர்ல 150 முன்கூட்டியே இருக்காது, நாமதான் வகையைச் சொல்லி உருவாக்கணும். அங்கதான் இந்த வில்லங்கம்.

ரெண்டும் சரியா இருந்தும் வரலேன்னா, வாய்ஸ் விலேன் ஸ்கோப்ல ஆப்ஷன் இருக்கா, இல்ல டேட்டா ஸ்கோப்ல மட்டும் இருக்கா பாருங்க. மூலையில யாரோ வெச்ச ரவுட்டர் இன்னொரு டிஎச்சிபியா முந்திக்கிட்டுப் பதில் சொல்லுதா பாருங்க. சர்வர் பேர் குடுத்திருந்தா அந்த விலேன்லேர்ந்து டிஎன்எஸ் எட்டுதா பாருங்க. எச்டிடிபிஎஸ்னா போனோட கடிகாரம் முக்கியம். நேரம் கிடைக்காத போன் தேதியைப் பழசா வெச்சுக்கிட்டு, நல்ல சான்றிதழையும் செல்லாதுன்னு தள்ளிடும். அதுக்குத்தான் ஆப்ஷன் 42. பெரும்பாலான போன் இதையெல்லாம் பூட் ஆகும்போதுதான் படிக்கும், அதனால மாத்தினதும் ரீபூட் பண்ணுங்க.

“பத்து போனுக்கு இவ்ளோ எதுக்கு, கையால அடிச்சிட்டுப் போறேன்”னு ஒரு கோஷ்டி உண்டு. அடிங்க. சர்வர் மாறும்போது மறுபடி பத்து தடவை அடிங்க. ஒரு போன்லயாவது ஒரு எழுத்து தப்பும், அது ரிசப்ஷன் போனா இருக்கும் :-)

இதைவிடப் பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு. டிஎஃப்டிபிக்குப் பூட்டும் கிடையாது, சாவியும் கிடையாது. யார் வந்து ஃபைல் பேரைச் சொன்னாலும் எடுத்துக் குடுக்கும். ஃபைல் பேர் என்ன? பெரும்பாலும் போனோட மேக் முகவரி. அதுல முதல் பாதி கம்பெனி அடையாளம், ஊருக்கே தெரியும். மீதிப் பாதியை ஒரு புரோகிராம் வரிசையா முயற்சி பண்ணும். ஃபைலுக்குள்ள சிப் பாஸ்வேர்ட் அப்படியே கிடக்கும். இந்த சர்வரை இன்டர்நெட்டுக்கும் திறந்து வெச்சா, ராத்திரி யாரோ உங்க லைன்ல வெளிநாட்டுக்குப் பேசுவான், பில் உங்களுக்கு வரும். சொந்தக் காசில் சூனியம்னா இதுதான்.

அதனால போன் வாங்கறவங்க வேண்டியது மூணே கேள்வி. ஒண்ணு, இந்த போன் ஆப்ஷன் 55-ல எதைக் கேக்கும்? ரெண்டு, எச்டிடிபிஎஸ் வழியா, சர்வர் சான்றிதழைச் சரிபார்த்து செட்டிங்ஸ் எடுக்குமா? மூணு, எடுக்க முடியலேன்னா ஏன் முடியலேன்னு திரையில சொல்லுமா? “நோ சர்வீஸ்” பதில் ஆகாது. “49.57.50.46-ஐத் தேடினேன், கிடைக்கலை”ன்னு ஒரு வரி காட்ட ஒரு கம்பெனிக்கு என்ன செலவு? அந்த ஒரு வரி இருந்தா அந்தப் பையன் ராத்திரி எட்டு மணிக்கே வீட்டுக்குப் போயிருப்பான்.

கேள்விக்குப் பதில் சொல்லாதவன்கிட்ட வாங்காதீங்க. தள்ளுபடி எவ்ளோ குடுத்தாலும் சரி.