பழைய ஸ்கூட்டருக்குப் பல் பார்க்கிறது எப்படி

பழைய ஸ்கூட்டர் வாங்கப் போற எல்லாரும் முதல்ல கேட்கிற கேள்வி, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" விக்கிறவர் மீட்டரைக் காட்டுவார். பதினெட்டாயிரம்னு இருக்கும். வாங்குறவர் முகத்துல ஒரு நிம்மதி வரும் பாருங்க, எனக்கு அதைப் பார்த்தா சிரிப்புதான் வரும். முள் வச்ச மீட்டர் உள்ள வண்டிகள்ல முன்சக்கரத்துல இருந்து ஒரு கேபிள் வருது, அவ்வளவுதான். அது அறுந்து ரெண்டு வருஷம் ஆகியிருக்கும். வண்டி தினமும் ஓடியிருக்கும், மீட்டர் மட்டும் தூங்கியிருக்கும். எண்ணைக் குறைச்சு வைக்கிறதுக்கும் ஆள் இருக்காங்க.

மாடு வாங்கப் போனா வயசு என்னன்னு விக்கிறவர்கிட்ட நாங்க கேட்கிறது இல்லை. கேட்டாலும் நம்புறது இல்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்ப்போம். ரெண்டு பல், நாலு பல், ஆறு பல், எட்டுப் பல்லும் சேர்ந்துட்டா முழு வயசு. கண்ணபுரம் சந்தைக்கு வர்ற மாட்டுக்குக் கொம்பைச் சீவி, எண்ணெய் தடவி, கழுத்துல சலங்கை கட்டி இளசாக் காட்டிடலாம். பல் விஷயத்துல அந்த வேலை நடக்காது.

ஸ்கூட்டருக்கும் பல் இருக்கு. கைப்பிடி ரப்பர் வழுவழுன்னு தேஞ்சிருக்கா, சாவி போடுற ஓட்டை லொடலொடன்னு ஆடுதா, கால் வைக்கிற இடத்துல பெயிண்ட் போயி தகடு தெரியுதா, சீட்டுல உட்கார்ற இடம் குழி விழுந்திருக்கா. பதினெட்டாயிரம் ஓடின வண்டியில சாவி ஓட்டை அப்படித் தேயாது. டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் அச்சடிச்சிருக்கும். 1419னு இருந்தா 2019ஆம் வருஷம் 14ஆவது வாரம் செஞ்ச டயர்னு அர்த்தம். 2019ல வாங்கின வண்டியில 2023ல செஞ்ச டயர் கிடந்தா, பழைய டயர் எங்க போச்சுன்னு கேளுங்க. பதினெட்டாயிரத்துல ரெண்டு டயரும் தேஞ்சு போச்சுன்னா ஒண்ணு மீட்டர் பொய், இல்லை ஓட்டினவர் அப்படி ஓட்டியிருக்கார். ரெண்டும் நமக்கு ஆகாது.

வண்டி பார்க்கக் காலையில போங்க. முன்கூட்டியே நேரம் சொல்லிட்டுப் போனா, ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வச்சிருப்பாங்க. போனதும் சைலன்சரை லேசாத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா, பேசிக்கிட்டே ஒரு டீ குடிச்சிட்டு ஆற விடுங்க, இல்லை மறுநாள் வர்றேன்னு சொல்லுங்க. ராத்திரி முழுக்க நின்ன எஞ்சின் எப்படி எந்திரிக்குதுங்கிறதுதான் விஷயம். செல்ஃபை மட்டும் நம்பாம கிக்கரையும் உதைச்சுப் பாருங்க. நல்லா இருக்கிற எஞ்சின்ல உதைக்கும்போது காலுக்கு ஒரு எதிர்ப்பு தெரியும். பொதுக்குன்னு இறங்குச்சுன்னா உள்ள அழுத்தம் இல்லை.

ஸ்டார்ட் ஆனதும் பின்னால போய் நில்லுங்க. பனிக்காலத்துல முதல்ல வர்ற வெள்ளை நீராவி, அது போயிடும். நீலம் கலந்த வெள்ளைப் புகை போகாம வந்துக்கிட்டே இருந்தா எஞ்சின் ஆயிலைக் குடிக்குது. ரிங் தேஞ்சிருக்கும், இல்லைன்னா வால்வு சீல் போயிருக்கும். இது ஃபோர் ஸ்ட்ரோக்குக்குச் சொல்றேன். எங்க ஊர்ல இன்னும் ஓடுற பழைய எக்ஸ்.எல். சூப்பர் டூ ஸ்ட்ரோக் வண்டி. அதுக்குப் பெட்ரோல்லயே ஆயில் கலக்குறோம், புகையாம என்ன செய்யும்?

ஆயில் பார்க்கிற குச்சியை உருவித் துடைச்சு மறுபடி விட்டுப் பாருங்க. கறுப்பா இருந்தா மாத்தாம ஓட்டியிருக்காங்க, மன்னிக்கலாம். பால் கலந்த காபி மாதிரி இருந்தா தண்ணி போயிருக்கு, கிளம்பி வந்துடுங்க. சென்னையில 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர்லயும் வெள்ளம் வந்துச்சு, அதே 2023 டிசம்பர்ல தூத்துக்குடி, திருநெல்வேலியிலயும் வந்துச்சு. கழுத்தளவு தண்ணியில நின்ன வண்டிக்கு அந்த ஊர்ல விலை கிடைக்காது. கழுவித் துடைச்சா வெளியூர்ல கிடைக்கும். அதனால சீட்டைத் தூக்கி அடியில இருக்கிற போல்ட்டைப் பாருங்க, துரு இருக்கா, இண்டு இடுக்குல வண்டல் காஞ்சு கிடக்கான்னு. மீட்டர் கண்ணாடி உள்பக்கம் மங்கியிருந்தாலும் சந்தேகப்படுங்க. வெளிய எவ்வளவு வேணும்னாலும் பாலிஷ் போடலாம், சீட்டுக்கு அடியில யாரும் போடுறது இல்லை.

ஓட்டிப் பார்க்காம வாங்கவே கூடாது. கியர் இல்லாத ஸ்கூட்டர்ல பெல்ட், ரோலர், கிளட்ச்னு ஒரு கூட்டம் இடது பக்கம் மூடிக்குள்ள இருக்கு. நின்ன இடத்துல இருந்து கிளம்பும்போது வண்டி நடுங்குனா, ஏத்தத்துல எஞ்சின் கத்துது வண்டி போகலைன்னா, அந்தக் கூட்டத்துல செலவு இருக்கு. சில ஆயிரம் ஆகும், அதை விலையில கழிச்சுக்கலாம். வண்டியை வேண்டாம்னு தள்ள வேண்டியது இல்லை. ஆனா ஹேண்டில் விஷயத்துல நான் இறங்கி வரமாட்டேன். நடு ஸ்டாண்டு போட்டு, பின்னால ஒருத்தரை அமுக்கச் சொல்லி, முன்சக்கரம் தூக்கினதும் ஹேண்டிலை மெதுவா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புங்க. நடுவுல கடக்குன்னு ஒரு இடத்துல உட்கார்ந்தா கோன் செட் போச்சு. அதாவது மாத்திக்கலாம். ஓட்டும்போது ஒரு பக்கமா இழுக்குது, பின்னால இருந்து பார்த்தா ரெண்டு சக்கரமும் ஒரே கோட்டுல இல்லைன்னா அது அடிபட்ட வண்டி. அதுக்கு வைத்தியம் பார்த்து யாரும் ஜெயிச்சது இல்லை.

இன்னொண்ணு. ஓடாம நின்ன வண்டியை "வீட்லயே சும்மா நின்னுச்சுங்க, புதுசு மாதிரி"னு பெருமையா விப்பாங்க. எங்க கிணத்து மோட்டாரையே ரெண்டு மழைக்காலம் ஓட்டாம விட்டா பிடிச்சுக்கும். ஸ்கூட்டர் மட்டும் சும்மா நின்னா நல்லா இருக்குமா? பெட்ரோல் காஞ்சு கார்புரேட்டர்ல பிசினா ஒட்டும், டேங்க் துருப்பிடிக்கும், பேட்டரி செத்துடும், டயர் வெடிப்பு விடும். தினமும் பள்ளிக்கூடத்துக்கு ஓடின டீச்சர் வண்டியும் வீட்டுல நின்ன வண்டியும் ஒரே விலைன்னா நான் டீச்சர் வண்டியைத்தான் எடுப்பேன்.

இதெல்லாம் எங்க ஊர்ல பத்தாவது படிக்கிற பையனுக்குக் கூடத் தெரியும். மெக்கானிக் இல்லாமலே பார்த்துடுவான். ஆனா புக்கைப் பார்க்கிறதுல எங்க ஆளுங்க கோட்டை விட்டுடறாங்க. அதுல பாதிப் பழி பட்டணத்துல இருக்கிற உங்க மேல இருக்குன்னு நான் சொல்றேன். கோவிச்சுக்காதீங்க.

நீங்க புது வண்டி எடுக்கும்போது பழசை எக்ஸ்சேஞ்சுல விடுறீங்க. இல்லைன்னா ஒரு கன்சல்டிங்காரர் வந்து பணத்தைக் கையில கொடுத்துடறார். ஃபாரம் 29, ஃபாரம் 30னு நீட்டுவாங்க, வாங்குறவர் பேர் இடம் காலியா இருக்கும், கையெழுத்துப் போட்டுட்டு மறந்துடறீங்க. அந்தக் காலி ஃபாரத்தோட வண்டி ரெண்டு மூணு கை மாறி எங்க சந்தைக்கு வந்து சேருது. புக்குல உங்க பேர் அப்படியே இருக்கும். "பேர் அப்புறம் மாத்திக்கலாம்பா, புக்கு கையில இருக்குல்ல"ன்னு சொல்லுவாங்க. எங்க ஆளும் பேர் மாத்துற செலவு மிச்சம்னு தலையாட்டுவான்.

பக்கத்து ஊர்ல ஒரு பையன், கொத்தனார் வேலை. அப்படித்தான் ஒரு ஸ்கூட்டர் எடுத்தான். வண்டியில ஒரு குறை சொல்ல முடியாது, நானே ஓட்டிப் பார்த்தேன், பஞ்சு மாதிரி போச்சு. இன்சூரன்ஸ் முடிஞ்சு எட்டு மாசம் ஆகியிருந்துச்சு, அதை யாரும் பார்க்கலை. ஒருநாள் சாயங்காலம் ரோட்டைக் கடந்த ஒரு பெரியவர் மேல இடிச்சுட்டான். அவருக்குத் தொடை எலும்பு முறிவு. கேஸ் ஆகி நோட்டீஸ் யாருக்குப் போச்சு தெரியுமா? மூணு வருஷத்துக்கு முன்னாடி வண்டியை வித்த கோயமுத்தூர் அம்மாவுக்கு. அவங்களுக்கு இந்தப் பையன் யாருன்னே தெரியாது. பையன் ரெண்டு கறவை மாட்டை வித்து ஆஸ்பத்திரிக்குக் கட்டினான். பெரியவர் இன்னும் குச்சி ஊணித்தான் நடக்கிறார், நஷ்ட ஈடு கேஸ் இழுத்துக்கிட்டு இருக்கு. மூணு குடும்பம். எஞ்சின் மட்டும் நல்லா இருக்கு.

சட்டம் இதுல தெளிவா இருக்கு. 2009ல நடந்த ஒரு கார் விபத்து, உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. அந்தக் காரும் பல கை மாறினதுதான், பதிவுல மட்டும் முதல் ஆள் பேரே இருந்துச்சு. பதிவேட்டுல யார் பேர் இருக்கோ அவர்தான் உரிமையாளர், நஷ்ட ஈடு அவர் பொறுப்புன்னு 2018ல தீர்ப்பு வந்துச்சு. வித்துட்டேன்னு சொன்னது எடுபடலை.

வாங்குறவங்க செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. எம்பரிவாகன் ஆப்புல வண்டி நம்பரைப் போட்டா இன்சூரன்ஸ் எது வரைக்கும், பதிவு எது வரைக்கும், கடன் பாக்கி யார்கிட்ட இருக்குன்னு வந்துடும். கடன் கட்டியாச்சுன்னு வாயில சொன்னா போதாது, ஹெச்.பி. கேன்சல் ஆகியிருக்கணும். வண்டியில அடிச்சிருக்கிற சேசிஸ் நம்பரைத் துடைச்சுப் படிச்சு, புக்கோட ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாருங்க. சுரண்டின மாதிரி இருந்தா பேச்சே வேண்டாம். 15 வருஷம் முடிஞ்ச வண்டின்னா பதிவைப் புதுப்பிச்சாச்சான்னு பாருங்க. 30 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்துங்க, இன்சூரன்ஸை 14 நாளுக்குள்ளயே மாத்துங்க.

விக்கிற நீங்க, காலி ஃபாரத்துல கையெழுத்துப் போடாதீங்க. கன்சல்டிங்காரர் முகம் சுளிச்சா சுளிக்கட்டும், ஆயிரம் ரூபாய் குறைச்சுக் கேட்டாலும் கேட்கட்டும். வாங்குறவர் பேர், விலாசம் எழுதி, தேதியோட நேரமும் போட்டு டெலிவரி நோட் வாங்குங்க. ஒரே மாநிலத்துக்குள்ள வித்தா 14 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நீங்க தெரிவிக்கணும். இது வாங்கினவர் வேலை இல்லை, உங்க வேலை. இன்னொரு சாவியையும் மறக்காம கொடுத்துடுங்க, அது இல்லாமத்தான் முக்கால்வாசி வண்டி எங்க ஊருக்கு வருது.

ஒரு மாசம் கழிச்சு அதே ஆப்புல உங்க பழைய நம்பரைப் போட்டுப் பாருங்க. பேரை முழுசாக் காட்டாது, நடுவுல சில எழுத்தை மறைச்சிருக்கும். ஆனா அது உங்க பேர்தானான்னு உங்களுக்குத் தெரிஞ்சிடும். அப்படி இருந்தா அன்னைக்கே வாங்கினவருக்கு ஒரு போன் போடுங்க.