ஆடுகிற தொட்டி



உபாகமம் 22-ஆம் அதிகாரத்தின் 8-ஆம் வசனத்தை வாசித்துப் பாருங்கள். புதுவீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும். எழுப்பாததினால் ஒருவன் விழுந்து மரித்தால் அந்தப் பழி வீட்டின்மேல் சுமரும் என்று தேவன் இஸ்ரவேலருக்குக் கட்டளையிட்டார். பலிகளுக்கும் பண்டிகைகளுக்கும் பிரமாணம் கொடுத்தவர், மாடிச்சுவரையும் மறக்கவில்லை.

மும்பையிலும் பெங்களூரிலும் வாடகைக்குக் குடியிருக்கிற நம்மில் அநேகருக்குச் சொந்த மாடி இல்லை. ஆனால் கழிப்பறைச் சுவரில் ஆடிக்கொண்டிருக்கும் ஃப்ளஷ் தொட்டி உண்டு. 10 லிட்டர் கொள்ளும் தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 10 கிலோ. பீங்கானின் எடை வேறு. ஊரிலிருந்து வந்திருக்கும் வயதான தாயார் எழும்போது தடுமாறினால், கைக்கு முதலில் அகப்படுவது அதுவே. வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார் என்று நாம் இருக்கிறோம். யாரும் சொல்லவில்லையே என்று அவர் இருக்கிறார்.

தொட்டி ஆடுவதற்குக் காரணம் பெரும்பாலும் சுவருக்குள் இருக்கிறது. பழைய கட்டடங்களில் ஆணி பிடிப்பதற்காகச் சொருகிய மரக்கட்டை ஈரத்தில் உளுத்துப்போகும். இரும்புத் திருகாணி துருப்பிடிக்கும். அதே துளையில் திருகாணியைத் திரும்பத் திரும்ப முறுக்குவதால் பயனில்லை.

முதலில் வீட்டுக்காரரிடம் தெரிவித்து அனுமதி பெறுங்கள். தண்ணீர்க் குழாயை அடைத்து, தொட்டியைக் காலிசெய்யுங்கள். இணைப்புக் குழாய்களைக் கழற்றி, ஒருவர் தாங்கிக்கொள்ள மற்றவர் திருகாணிகளை எடுத்துத் தொட்டியைக் கீழே இறக்குங்கள். உளுத்த கட்டையை முழுவதும் நீக்குங்கள். துளை சற்றே பெருத்திருந்தால் அதற்கேற்ற பெரிய பிளாஸ்டிக் பிளக் போதும். உதிர்ந்து அகன்றிருந்தால் சிமெண்ட் கலவையால் அடைத்து, நன்றாக இறுகியபின் புதிதாகத் துளையிடவேண்டும். 8 மி.மீ. பிளக்குக்கு 8 மி.மீ. டிரில் பிட் என்பது கணக்கு. டைல்ஸைக் கடக்கும்வரை சுத்தியல் ஓட்டம் வேண்டாம், டைல்ஸ் விரிந்துவிடும். சுவருக்குள் மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ செல்லுமானால் அவ்விடத்தைத் தொடாதிருங்கள். ஐயமிருந்தால் பிளம்பரை அழையுங்கள்.

திருகாணி துருப்பிடிக்காத எஃகாகவோ பித்தளையாகவோ இருக்கட்டும். பூச்சைக் கடந்து செங்கலில் பிடிக்குமளவு நீளமும் வேண்டும். பீங்கானுக்கும் திருகாணித் தலைக்கும் நடுவே ரப்பர் வாஷர் வைத்து, இருபுறமும் மாறிமாறிச் சிறிது சிறிதாக முறுக்குங்கள். பலமெல்லாம் காட்டினால் பீங்கான் கீறிவிடும். பின்பு குழாய்களை இணைத்துத் தண்ணீர் நிரப்பி, உலர்ந்த காகிதத்தால் இணைப்புகளைத் துடைத்து, கசிவு உண்டோ என்று பாருங்கள்.

இன்னொன்று: உறுதியான தொட்டியும் பற்றி எழும்புவதற்கு உரியதல்ல. முதியவர் இருக்கும் வீட்டில் கைப்பிடிக் கம்பி ஒன்றைத் தனியே சுவரில் பொருத்துங்கள். நம் காலத்துக் கைப்பிடிச்சுவர் அதுவே.

குடும்பத்தின் பாதுகாப்புக்காக அனுதினமும் ஜெபிக்கிறோம், அது நல்லது. ஜெபித்து எழுந்தபின் வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். ஆடுகிறதைக் கண்ணுக்குக் காட்டுகிற தேவன், அதை இறுக்குவதற்குக் கைகளையும் தந்திருக்கிறார். வீடு வாடகையாயிருக்கலாம்; அதற்குள் வாழும் ஜீவன்கள் நம்மிடத்தில் ஒப்புவிக்கப்பட்டவர்கள்.

கர்த்தர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.