மேப்பிள் கன்றுக்கு என்ன அவசரம்?

போன்சாய் வளர்க்கிறேன் என்று சொன்னால் இரண்டு விதமான பேச்சைக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒன்று, "பாவம், ஓங்கி வளர வேண்டிய மரத்தை இப்படிக் கட்டிப்போட்டுக் குள்ளமாக்குகிறீர்களே" என்பது. ஊரிலிருந்து வரும் உறவினர்கள் சொல்வது. இன்னொன்று எங்கள் சம்பந்தி சொல்வது: "எழுபத்தொரு வயசுல கன்னு நட்டு, அது எப்போ மரமாகி, நீங்க எப்போ பார்க்கப் போறீங்க? ரெடிமேடா ஒண்ணு வாங்கிடுங்களேன்!"

இரண்டுக்கும் என்னிடம் ஒரே பதில்தான். ஒரு மேப்பிள் கன்றுக்கு நடக்கிற கெடுதல் எல்லாம் மனிதனின் அவசரத்தால் நடக்கிறது. கத்தரியையும் தொட்டியையும் குறை சொல்லிப் பயனில்லை.

நான் நீர்ப்பாசனப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மகள் குடும்பத்தோடு நியூ ஜெர்சிக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இங்கே தெருவுக்குத் தெரு வீட்டு முன்புறம் ஜப்பானிய மேப்பிள் நிற்கும். கைவிரல்களை விரித்தாற்போல இலை; இலையுதிர் காலத்தில் முழு மரமும் சிவந்துவிடும். விதைகள் இரண்டிரண்டாக, இறக்கை முளைத்தவை. காற்றில் சுழன்று விழுந்து, அடுத்த வசந்தத்தில் மரத்தடியில் கூட்டமாக முளைத்துக் கிடக்கும். பக்கத்து வீட்டில் புல்வெட்டும் இயந்திரம் வருவதற்குள் கேட்டு வாங்கித் தோண்டி எடுத்த நாலு முளைகள்தான் என் மூலதனம்.

கடைகளில் 'போன்சாய் மேப்பிள்' என்று விற்பதைப் பார்த்திருப்பீர்கள். பென்சில் பருமனில் ஒரு தண்டு. அதைக் கம்பி சுற்றிப் பாம்புபோல வளைத்து, பளபளப்பான சின்னத் தொட்டியில் நட்டு, மேலே கூழாங்கற்களைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். ஊற்றுகிற தண்ணீர் பாதி வழிந்து ஓடிவிடும். வாங்குகிறவர் அதை ஹாலில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைப்பார். குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கி எழ வேண்டிய மரம் அது. ஹீட்டர் ஓடும் அறையில் அதற்கு ஏது தூக்கம்? சில மாதங்களில் காய்ந்துவிடும். "போன்சாய் நமக்குச் சரிவராது" என்று அவரும் விட்டுவிடுவார். நாலு ஆண்டு தரையில் கிடக்க வேண்டிய கன்றை நாலு மாதத்தில் கிழவனாக்கப் பார்த்ததன் பலன் இது.

சின்ன மரம் பெரிய மரம்போலத் தோன்றுவதற்கு அடித்தண்டின் பருமன் வேண்டும். போன்சாய்க்காரர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு ஒன்றுக்கு ஆறு. மரம் 30 செ.மீ. உயரம் என்றால் அடித்தண்டு 5 செ.மீ. பருமன் இருந்தால் அழகு. இந்தப் பருமன் எங்கிருந்து வரும்? இலையில் தயாராகும் உணவு கீழே இறங்கித்தான் தண்டில் ஆண்டுக்கு ஒரு வளையமாகச் சேர்கிறது. இலை நிறைய இருந்தால் வளையம் தடிக்கும். சின்னத் தொட்டியில் வைத்து, நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால், தச்சர் கணக்கில் சொல்வதானால், ஆண்டுக்கு ஒரு நூல்கூட ஏறாது. எட்டு நூல் சேர்ந்தால்தான் ஓர் அங்குலம்.

ஆகவே என் முதல் கட்சி: கன்றைத் தரையில் நடுங்கள். நடும் முன் ஆணிவேரைக் குறைத்து, வேருக்கு அடியில் தட்டையான ஓடு ஒன்றை வையுங்கள். கீழே போக வழியில்லாமல் வேர்கள் பக்கவாட்டில் நாலாபுறமும் பரவும். பிற்காலத்தில் மரம் மண்ணைக் கவ்விப் பிடித்தாற்போல நிற்பதற்கு இதுதான் அஸ்திவாரம். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, வசந்தத் தொடக்கத்தில் மொட்டு பருத்து, இலை விரிவதற்கு முன்னால் தோண்டிப் பார்த்து, கீழ்நோக்கிப் போகும் வேரையும் ஒரே பக்கம் தடித்த வேரையும் வெட்டிவிட்டு மறுபடி நடலாம்.

அதற்குப் பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருப்பதே வேலை. கன்று ஆளுயரம் தாண்டும். பார்ப்பதற்கு வேலிக்குச்சி மாதிரி இருக்கும். வருகிறவர்கள் எல்லாம் "இதுவா போன்சாய்?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். ஐந்தாறு ஆண்டுகளில் அடித்தண்டு ஒன்றரை அங்குலத்தை எட்டியதும் கத்தரியை எடுக்கலாம். அந்தப் பருமனுக்குக் கத்தரி போதாது, ரம்பம்தான். முழு உயரத்தையும் வெட்டிவிட்டு, தரையிலிருந்து நாலு அங்குலம் மட்டும் சரிவாக மிச்சம் வைப்பேன். முதல் தடவை இதைப் பார்த்த என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது வாரம் வெட்டுக்குக் கீழே வரிசையாகத் துளிர் வந்தபோதுதான் சமாதானமானாள்.

அந்தத் துளிர்களில் ஒன்றைப் புதிய தண்டாக வைத்துக்கொண்டு, மறுபடி இரண்டு மூன்று ஆண்டு ஓடவிட வேண்டும். பிறகு அதையும் வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் மேலே தண்டு கொஞ்சம் மெலிந்து, கொஞ்சம் திசை மாறிப் போகும். அடி பருத்து, நுனி சிறுத்த மரம் இப்படித்தான் உருவாகிறது. சீனாவில் குவாங்தோங் பகுதியின் லிங்னான் பாணிக்காரர்கள் முக்கியமாக இந்த 'வளரவிட்டு வெட்டும்' முறையாலேயே மரங்களை உருவாக்கிப் பேர் வாங்கியவர்கள்.

எப்போது வெட்டுவது என்பதிலும் அவசரம் கூடாது. குளிர்காலக் கடைசியில் மேப்பிளில் சாறு ஏறும். கனடாவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் சர்க்கரை மேப்பிளில் துளையிட்டு, நம் ஊரில் பதநீர் இறக்குவதுபோலச் சாறு இறக்குவது அந்தப் பருவத்தில்தான். அப்போது பெரிய காயம் செய்தால் சாறு வடிந்துகொண்டே இருக்கும். வசந்தத்து இலைகள் விரிந்து முற்றிய பிறகு, இங்கே ஜூன் தொடக்கத்தில், வெட்டினால் காயம் சீக்கிரம் மூடும். வெட்டுவாயில் பசை தடவிவிட வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். மேப்பிளில் மொட்டுகள் எதிரெதிரே ஜோடியாக இருக்கும். ஒரு கணுவில் இடம் வலமாக இருந்தால், அடுத்த கணுவில் மேலும் கீழுமாக இருக்கும். எந்தக் கணுவுக்கு மேலே வெட்டுகிறோமோ அதை வைத்துக் கிளை எந்தப் பக்கம் திரும்பும் என்று முன்கூட்டியே தீர்மானிக்கலாம். ஒரே இடத்தில் மூன்று நாலு கிளைகளை விட்டால் அங்கே முண்டு கட்டும். இரண்டுக்கு மேல் விடக்கூடாது. இந்த ஒரு பாடத்தைப் பிடித்துக்கொண்டால் கம்பியின் வேலையில் பாதி குறைந்துவிடும்.

கம்பிக்கு நான் எதிரி அல்ல. இளங்கிளை தண்டிலிருந்து கிளம்பும் இடத்தில் அதைச் சற்றே கீழே இறக்கிவிடக் கம்பி வேண்டும். மேப்பிளுக்கு மென்மையான அலுமினியக் கம்பி போதும். கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு, 45 பாகைச் சாய்வில் சுற்று. ஆனால் மேப்பிளின் பட்டை மெல்லியது, வழவழப்பானது. கோடையில் கிளை பருக்கிற வேகத்துக்குச் சில வாரங்களிலேயே கம்பி பட்டைக்குள் இறங்கிவிடும். அந்தத் தழும்பு பல ஆண்டுகள் போகாது. வாரம் ஒரு முறை கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்க முடியாதவர் கம்பியைத் தொடாமலிருப்பதே நல்லது. கழற்றும்போதும் சுற்றைப் பிரிக்காமல் துண்டு துண்டாக வெட்டி எடுக்க வேண்டும். கம்பியை மிச்சம் பிடிக்கப் போனால் மொட்டு உதிரும்.

இப்போது கொடுமைக்கு வருவோம். தொட்டி மரத்தைப் பட்டினி போட்டுக் குள்ளமாக்குகிறோம் என்று நினைக்கிறார்கள். பட்டினி போட்டால் அது செத்துப்போகும். உரம், காலம் தவறாமல் புது மண், வெயில் நாளில் இரண்டு வேளைத் தண்ணீர் என்று அது தரையில் நிற்கும் மரத்தைவிடச் சொகுசாகவே வாழ்கிறது. ஆடு கடித்துக் கடித்துக் குட்டையாகி, அடர்ந்து நிற்கும் செடிகளை ஊர்ப் பொட்டலில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். வெட்டுப்பட்டால் மறுபடி துளிர்ப்பது செடியின் சுபாவம். மறந்துபோய் விட்ட கம்பிதான் கொடுமை. வலுவற்ற கன்றின் இலை முழுவதையும் கிள்ளி எறிவது கொடுமை. பிள்ளை வளர்ப்போடு இதை ஒப்பிட்டுப் பேசுவதும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிள்ளை வாய் திறந்து "வேண்டாம்" என்று சொல்லும். கன்று சொல்லாது. அதனால் வளர்ப்பவனுக்குப் பொறுப்பு கூடுதல்.

சம்பந்தியின் கேள்வி மிச்சம் இருக்கிறது. வாஷிங்டனில் உள்ள தேசியப் போன்சாய் அருங்காட்சியகத்தில் ஒரு வெண் ஊசியிலை மரம் இருக்கிறது. 1625 முதல் தொட்டியில் வளர்ந்து வருவது. ஹிரோஷிமாவில் யமாகி குடும்பத்தாரிடம் தலைமுறை தலைமுறையாக இருந்தது. 1945-இல் அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தூரத்தில், ஒரு சுவருக்குப் பின்னால் நின்று பிழைத்தது. 1976-இல் ஜப்பான் அமெரிக்காவுக்குக் கொடுத்த போன்சாய்ப் பரிசுகளில் ஒன்றாக வந்து சேர்ந்தது. அது குண்டுவீச்சில் தப்பிய மரம் என்பது, 2001-இல் யமாகியின் பேரன்கள் பார்க்க வந்தபோதுதான் அங்கே தெரிந்தது. முதலில் அதைத் தொட்டியில் வைத்தவர் எதைப் பார்த்தார்? அவர் காலத்து மரத்தைப் பார்த்தார். அது போதுமானதாக இருந்திருக்கிறது.

சென்னையிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேப்பிளை அங்கே முயல வேண்டாம்; குளிர் உறக்கம் இல்லாமல் அது நலிந்துபோகும். உங்களுக்கு இச்சியும் ஆலும் புளியும் இருக்கின்றன. வெட்டும் பருவம் மாறும். வளரவிட்டு வெட்டுவது என்ற கணக்கு அவற்றுக்கும் பொருந்தும்.

என் நாலு கன்றுகளில் மூன்று பிழைத்தன. மூத்ததற்கு இந்த ஆண்டு கம்பி எடுத்தாகிவிட்டது. அடுத்த வெட்டு மூன்று ஆண்டு கழித்து. எந்தக் கணுவுக்கு மேல், எந்தச் சரிவில், எந்தத் துளிரை விட வேண்டும் என்று ஒரு நோட்டில் படம் போட்டு எழுதிவைத்திருக்கிறேன். தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதியிருக்கிறேன், பேத்திக்கும் புரிய வேண்டும் என்பதால். ரம்பம் யார் கையில் இருக்கும் என்பது மட்டும் அதில் இல்லை.