நாய் குரைத்தது உண்மை, எதற்காகக் குரைத்தது?

2021 செப்டம்பர் 22, புதன்கிழமை காலை 9.15 மணி. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வுட்ஸ் பாயின்ட் அருகே 5.9 அளவில் நிலம் நடுங்கியது. மெல்பர்ன் சேப்பல் தெருவில் ஒரு கடையின் செங்கற்சுவர் சரிந்து நடைபாதையில் கொட்டியது. அதிர்வு சிட்னி வரை தெரிந்தது. கொரோனா ஊரடங்கால் மெல்பர்ன்வாசிகளில் பெரும்பாலோர் அப்போது வளர்ப்புப் பிராணிகளோடு வீட்டுக்குள் இருந்தார்கள். எந்த நிலநடுக்கத்துக்குப் பிறகும் ஒரு பேச்சு கிளம்பும்: “எங்க வீட்டு நாய்க்கு முன்னாடியே தெரிஞ்சிடுச்சு.” இப்படிச் சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் அந்த ‘முன்னாடி’ எவ்வளவு நேரம் என்று கேட்டால்தான் விஷயம் தெளியும்.

பாறை உடைந்ததும் இருவகை அலைகள் புறப்படுகின்றன. முதன்மை அலை நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். மெல்லியது, பலருக்கு உறைக்காது. வீட்டை உலுக்கும் இரண்டாவது அலையின் வேகம் நொடிக்குச் சுமார் மூன்றரை கிலோமீட்டர்தான். மின்னலுக்குப் பிறகு இடி வருவதைப் போலத்தான் இதுவும்: தூரம் கூடக் கூட இடைவெளியும் கூடும். வுட்ஸ் பாயின்ட் பகுதியிலிருந்து மெல்பர்ன் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் இரண்டு அலைகளுக்கும் நடுவே சுமார் பதினைந்து விநாடி கிடைக்கிறது. நாய் காதை நிமிர்த்தவும் குரைக்கவும் அது போதும். ஆனால் அப்போது நிலநடுக்கம் தொடங்கிவிட்டது. நாய் உணர்ந்தது வரப்போவதை அல்ல, வந்துகொண்டிருப்பதை.

மணிக்கணக்கில், நாள்கணக்கில் முன்பே தெரிந்தது என்பது வேறு கதை. ஜெர்மனியின் போட்ஸ்டாம் புவி அறிவியல் மைய ஆய்வாளர்கள், சுமார் 160 நிலநடுக்கங்களை ஒட்டிப் பதிவான 700க்கும் மேற்பட்ட விலங்குத் தகவல்களைத் திரட்டி 2018இல் அலசினார்கள். பெரும்பாலானவை நடந்து முடிந்தபின் நினைவிலிருந்து சொன்னவை. பெருநடுக்கத்துக்கு முந்திய சிறு அதிர்வுகளே பலவற்றுக்குக் காரணமாக இருந்திருக்கலாம் என்றும் தெரிந்தது. சீனாவின் ஹைசெங்கில் 1975இல் முன்கூட்டியே மக்களை வெளியேற்றியதை இன்றும் எடுத்துக்காட்டுவார்கள். அங்கே குளிர்காலத்தில் பாம்புகள் வெளியே வந்ததாகப் பேச்சிருந்தது. ஆனால் முன்னதிர்வுகளும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. மறு ஆண்டே டாங்ஷான் நகரம் எச்சரிக்கையின்றி இடிந்து, இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டார்கள்.

நமக்கு நெருக்கமான கதை 2004 சுனாமி. இலங்கையின் யால தேசியப் பூங்காவில் யானைகள் முன்பே மேட்டுக்கு ஓடிவிட்டதாக உலகமெங்கும் எழுதினார்கள். அந்தப் பகுதியில் செயற்கைக்கோள் கழுத்துப்பட்டை மாட்டிய இரண்டு யானைகள் இருந்தன. அவற்றின் நடமாட்டப் பதிவை ஆராய்ந்து 2006இல் வெளியான கட்டுரை, அவை முன்னுணர்ந்து விலகியதற்கான தடயம் இல்லை என்றது.

அப்படியானால் விலங்குகளுக்கு எதுவுமே தெரியாதா? தெரியும். அதற்குக் காட்டுத்தீயோடு வாழும் ஆஸ்திரேலிய விலங்குகளே சான்று. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் விலங்குக்காட்சிச் சாலை ஒன்றில் கருகிய உணவின் புகை பரவியபோது, ‘ஸ்லீப்பி லிசார்ட்’ எனப்படும் ஆஸ்திரேலிய அரணைகள் கூண்டுக்குள் இங்குமங்கும் அலைந்தன; நாக்கை நீட்டி நீட்டிக் காற்றைத் துழாவின. பிறகு சிட்னி மக்குவாரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். புகைக்கு அரணைகள் பரபரத்தன. தீ எரியும் ஓசையைப் போட்டுக் காட்டியபோது பொருட்படுத்தவில்லை. உடல் குளிர்ந்து உறக்கநிலையில் கிடக்கும் வௌவால்களும் புகை நுகர்ந்து விழிக்கின்றன என்று ஆர்மிடேலில் உள்ள நியூ இங்கிலாந்து பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டின. ஆனால் குளிர் மிகுந்தால் விழிக்கத் தாமதமாகும். அடிக்கடி தீப்பிடிக்கும் நிலத்தில், புகையை அறிந்தவை பிழைத்து இனம் பெருக்கியிருக்கும். ஒரு பிராணியின் ஆயுளில் ஒருமுறைகூட வராத பெருநடுக்கத்துக்கு அப்படியொரு பழக்கம் உருவாவது கடினம்.

உணர்வது ஒன்று, தப்புவது வேறொன்று. 2019–20 கோடையின் தீயில் ஏறத்தாழ 300 கோடி விலங்குகள் மடிந்தன அல்லது வாழிடம் இழந்தன என்று சிட்னி பல்கலைக்கழகப் பேராசிரியர் கிறிஸ் டிக்மன் உள்ளிட்ட குழு மதிப்பிட்டது. கோவாலா ஆபத்தென்றால் மர உச்சிக்கு ஏறும். உச்சிவரை பற்றியெரியும் தீயில் அந்தப் பழக்கமே அதற்கு எமன்.

மீண்டும் நிலநடுக்கத்துக்கு வருவோம். இத்தாலியில் ஒரு பண்ணையின் மாடு, ஆடு, நாய்களுக்குக் கருவி பொருத்தி, நிலம் நடுங்குவதற்கு 20 மணி நேரம் வரை முன்பே அவை நிலைகொள்ளாமல் நடந்ததாக ஜெர்மனியின் மார்ட்டின் விக்கெல்ஸ்கி குழு 2020இல் எழுதியது. கதவை முழுக்கச் சாத்திவிட வேண்டியதில்லை. ஆனால் ஒரு பண்ணை போதாது. நிலம் நடுங்காத நாள்களில் அதே மாடுகள் எத்தனை முறை மிரண்டன என்பதையும் ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்தால்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். மிரண்டும் ஒன்றும் நடக்காத நாளை யாரும் நினைவில் வைப்பதில்லை.

தட்டான் தாழப் பறந்தால் மழை என்பார்கள் நம் ஊரில். கருங்கொக்கட்டூ கிளிகள் கூட்டமாக வந்தால் மழை என்பார்கள் இங்கே ஆஸ்திரேலியாவில். குடை எடுப்பதா வேண்டாமா என்பதற்கு அது போதும், தவறினாலும் நனைவதோடு சரி. ஆனால் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டிய தீ நாளில், விக்டோரியாவில் ‘விக்எமர்ஜென்சி’ செயலியும் நியூ சவுத் வேல்ஸில் ‘ஹஸார்ட்ஸ் நியர் மீ’ செயலியும் சொல்வதைக் கேளுங்கள். கிளம்பும்போது நாயையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதைக் காப்பாற்றும் பொறுப்பு நம்முடையது.