ரெண்டாவது இடம் வேண்டாம்! தனிக்கொடி பிடித்த கைரி இர்விங் சாதித்தது என்ன?

ஒரு உறையில் ரெண்டு கத்தி இருக்காது என்பார்கள். அமெரிக்க கூடைப்பந்தில் 2017 ஜூலையில் அதுதான் நடந்தது. கிளீவ்லேண்ட் கேவலியர்ஸ் அணியின் 25 வயது நட்சத்திரம் கைரி இர்விங், தன்னை வேறு அணிக்கு மாற்றும்படி கேட்ட தகவல் வெளியாகி பெரும் பரபரப்பு கிளம்பியது.

அது தோத்துப்போகிற அணியும் இல்லை. தொடர்ந்து 3 வருஷம் இறுதிப்போட்டிக்கு போன அணி. 2016ல் 1-3 என்று பின்தங்கியும் கோப்பையை அள்ளியது. கடைசி ஆட்டத்தில் 89-89 என்று இழுபறியாக இருந்தபோது 3 பாயின்ட் போட்டு திருப்பியவரே இர்விங்தான்.

அப்புறம் என்ன குறை?

2011ல் முதல் ஆளாக தேர்வாகி வந்தவர் இர்விங். 3 வருஷம் அவர்தான் அணிக்கு முகம். 2014ல் லெப்ரான் ஜேம்ஸ் மியாமியில் இருந்து திரும்பியதும் ஒரே நாளில் ரெண்டாவது ஆளாகிவிட்டார்.

பணமும் காரணம் இல்லை. அணி மாறினாலும் பழைய ஒப்பந்தச் சம்பளமே கூட வரும். தலைமைப் பொறுப்புதான் அவருக்கு வேண்டியிருந்தது.

ஆகஸ்டில் பாஸ்டன் செல்டிக்ஸ் அவரை வாங்கியது. 2018ல் முழங்கால் ஆபரேஷன். அவர் இல்லாமலே அந்த அணி கிழக்குப் பிரிவு இறுதியில் 7வது ஆட்டம் வரை போய், லெப்ரானிடமே தோத்தது. 2019ல் இர்விங் ஆடியும் மில்வாக்கியிடம் 1-4 என்று அடி!

அதற்கு முன்பே, 2019 ஜனவரியில், லெப்ரானுக்கு போன் போட்டு மன்னிப்பு கேட்டதாக இர்விங்கே சொன்னார். இளசுகளை கட்டி மேய்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் புரிந்ததாம்.

பிறகு புரூக்ளின், 2023ல் டல்லாஸ். 2024 இறுதியில் அவரை வீழ்த்தியது அதே பாஸ்டன்!

ஆனால் அவர் கேட்டதே தப்பு என்று சொல்லிவிட முடியாது. 2018ல் லெப்ரானும் லேக்கர்சுக்கு கிளம்பிவிட்டார். அடுத்த சீசனில் கிளீவ்லேண்ட் 82 ஆட்டத்தில் ஜெயித்தது வெறும் 19. இர்விங் இருந்திருந்தால் அந்தச் சுமை அவர் தலையில்தான் விழுந்திருக்கும்.

கடைசி நிமிஷத்தில் பந்தைப் போட அவருக்கு தெரியும். மீதி 11 மாசமும் மத்தவங்களை இழுத்துக்கொண்டு போவதுதான் தலைமை. கையாளாக இருந்து மேஸ்திரி ஆனவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.