ஆறு புள்ளியும் ஒரு புள்ளியும்



புலமைப்பரிசில் ரிசல்ட் வந்தாலும், உயர்தர ரிசல்ட் வந்தாலும், கல்முனையில் இருந்து பொத்துவில் வரை நமது ஊர்களில் ஒரே கேள்விதான்: "உங்கட புள்ளைக்கு எத்தின?"

அந்த ஓர் எண் சந்தியில் பெனராகிறது, பேஸ்புக்கில் வாழ்த்தாகிறது, கலியாண வீட்டில் கதையாகிறது. எண் குறைந்த பிள்ளை அந்தக் கிழமை முழுக்க வாசலுக்கு வருவதில்லை. அந்தப் பிள்ளையின் உம்மா பக்கத்து வீட்டுக்குப் போவதில்லை.

ஒரு எண் ஒரு பிள்ளையைப் பற்றி என்ன சொல்லும், என்ன சொல்லாது என்று பேச, இன்று ஒரு விளையாட்டை உதாரணமாக எடுக்கிறோம். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

போனில் பிள்ளைகள் விளையாடும் கேம்களில், வீரனின் படத்துக்குப் பக்கத்தில் பலம், வேகம் என்று எண்கள் வருவதைக் கண்டிருப்பீர்கள். இந்தப் பழக்கத்தின் வேர் போனில் இல்லை. 1974 இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டில் இருக்கிறது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி இருப்பார்கள். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் இதைச் செய்கிறேன்" என்று சொல்லிக் கதையை நகர்த்துவார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள். அந்தத் தாளில் ஆறு புள்ளிகள்: பலம், சுறுசுறுப்பு, தாங்கும் சக்தி, அறிவு, விவேகம், ஆட்களைக் கவரும் ஆளுமை. ஒவ்வொன்றும் பொதுவாக 3 இல் இருந்து 18 வரை. சாதாரண மனிதனுக்கு 10 அல்லது 11.

பகடை உருட்டும் விளையாட்டாயிற்றே, ஹதீஸ் இருக்கிறதே என்று சிலர் கேட்பீர்கள். இதைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அது உலமாக்களிடம் கேட்க வேண்டிய விடயம். அதைச் செய்தவர்கள் எண்ணை எந்த இடத்தில் வைத்தார்கள் என்பதை மட்டும் பார்ப்போம்.

முதலாவது, ஆறையும் கூட்டி ஒரு மொத்தம் போட்டு, அதை வைத்து யாருக்கும் முதலாம், இரண்டாம் இடம் கொடுப்பதில்லை. பூட்டிய கதவை உடைக்கப் பலம் வேண்டும். காவற்காரனைப் பேசி வழிக்குக் கொண்டுவர ஆளுமை வேண்டும். அறிவும் விவேகமும்கூட அங்கே இரண்டு வேறு புள்ளிகள். இல்ம் வேறு, ஹிக்மத் வேறு என்று ஓதிப் படித்த நமக்கு இது புதிதல்ல. ஆறிலும் சிறந்த ஆளைத் தேடுவதல்ல அந்த விளையாட்டு. ஒருவரின் குறையை இன்னொருவரின் நிறைவு மூடும்படி கூட்டம் சேர்ப்பதுதான்.

நமது கரையில் போய்ப் பாருங்கள். கரைவலையின் கயிறு இழுப்பது பலம். கடலின் நிறம் பார்த்து, இப்போது வலை விடலாமா வேண்டாமா என்று சொல்வது விவேகம். வந்த மீனை நல்ல விலைக்குப் பேசுவது ஆளுமை. சம்மாந்துறை வயலில் வேளாண்மைக்குத் தண்ணீர் பங்கிடும்போது வாய்த்தகராறைத் தீர்த்துவைக்கும் வட்டவிதானையாருக்கு வேண்டியது ஒன்று. மருதமுனையில் தறியில் இருப்பவரின் கைக்கு வேண்டியது வேறொன்று. இவர்களை ஒரே எண்ணால் வரிசைப்படுத்து என்றால் சிரிப்போம். பத்து வயதுப் பிள்ளைகளை அப்படி வரிசைப்படுத்தினால் மட்டும் யாரும் சிரிப்பதில்லை.

இரண்டாவது, புள்ளி தனியாக எதையும் முடிவு செய்வதில்லை. இன்றைய விதிப்படி பலம் 16 உள்ளவருக்கு ஒரு வேலையில் 3 கூட்டிக் கொடுப்பார்கள். 8 உள்ளவருக்கு 1 கழிப்பார்கள். பிறகு இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். 15 வந்தால் வெற்றி என்று வைத்தால், முதலாமவருக்கு இருபதில் ஒன்பது வாய்ப்பு, இரண்டாமவருக்கு இருபதில் ஐந்து. புள்ளி இரண்டு மடங்கு வித்தியாசம். ஆனால் பலவீனமானவருக்கும் நாலில் ஒரு தரம் கதவு திறக்கிறது. எண்ணே எல்லாவற்றையும் முடிவு செய்தால் தாளைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், விளையாட எதுவும் இருக்காது. அதனால்தான் அந்த இடைவெளியை விட்டிருக்கிறார்கள். பத்து வயதில் எடுத்த புள்ளியை வைத்து இருபது வயதைத் தீர்மானிக்கும் நமது பேச்சில் அந்த இடைவெளி இல்லை.

மூன்றாவதுதான் நமக்கு மிக நெருக்கமானது. 2014 பதிப்பில், பகடை இல்லாமல் புள்ளியை 'விலைக்கு வாங்கும்' முறை ஒன்று இருக்கிறது. ஆறும் 8 இல் தொடங்கும். கையில் 27 அலகு. 13 வரை ஒவ்வொரு படிக்கும் ஒரு அலகு. 14 க்கும் 15 க்கும் படிக்கு இரண்டு அலகு. கடைசிப் படிகள்தான் விலை கூடியவை. மூன்று புள்ளியை 15 ஆக்கினால் 27 அலகும் முடிந்துவிடும், மற்ற மூன்றும் 8 இலேயே கிடக்கும்.

நமது பிள்ளைகளின் நாளும் இப்படித்தான். 24 மணித்தியாலத்துக்கு மேல் யாருக்கும் இல்லை. பாடசாலை, பின்னேரம் டியூசன், இரவு பாஸ்ட் பேப்பர். கடைசிப் பத்துப் புள்ளிக்காக விளையாட்டுப் போகிறது, தூக்கம் போகிறது, வாப்பாவோடு கடைக்குப் போய்க் கணக்குப் பார்ப்பது போகிறது, மூத்தம்மாவோடு இருந்து கதை கேட்பது போகிறது. ஒன்று 15 ஆகிறது, மற்றதெல்லாம் 8. ரிசல்ட் சீட்டில் 15 மட்டும்தான் தெரியும். 8 தெரிவதற்குச் சில வருடம் எடுக்கும்.

இதைச் சொன்னவுடன், "அப்ப இசட் புள்ளியே வேணாமா?" என்று கேட்பீர்கள். அப்படி இல்லை. விளையாட்டு மேசையில் கதிரை குறைந்தால் இன்னொரு கதிரை போடலாம். மருத்துவ பீடத்தில் போட முடியாது. இருக்கும் இடத்தைப் பங்கிட ஏதோ ஒரு அளவு வேண்டும். 2001 இல் கொண்டுவரப்பட்ட இசட் புள்ளி அந்த வேலைக்குப் பொருத்தமானது. பாடத்தின் சராசரியில் இருந்து ஒரு மாணவர் எவ்வளவு மேலே, கீழே நிற்கிறார் என்பதை நியம விலகலால் அளந்து, மூன்று பாடத்துக்கும் சராசரி எடுப்பதுதான் அது. பூச்சியம் என்றால் சைபர் மார்க்ஸ் அல்ல, நடுவில் நிற்கிறார் என்று அர்த்தம். அந்த வருடம் அந்தப் பாடம் எழுதியவர்களுக்குள் அவர் நின்ற இடத்தை மட்டுமே அது சொல்கிறது. யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதை மாற்றினால் எண்ணும் மாறும். 2011 பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்ட மாணவர்களை ஒன்றாகச் சேர்த்துக் கணித்தபோது விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2012 இல் தனித்தனியாகக் கணிக்க உத்தரவானது நினைவிருக்கும்.

பிறந்த இடத்தின் அதிர்ஷ்டத்தையும் இரண்டு பக்கமும் யோசித்திருக்கிறார்கள். 1974 இல் விழுந்த பகடைதான் தலையெழுத்து. பிறகு, எல்லோருக்கும் 15, 14, 13, 12, 10, 8 என்ற ஒரே எண்களைக் கொடுத்து, எதை எங்கே வைப்பது என்பதை அவரவர் விருப்பத்துக்கு விடும் முறையும் வந்தது. நமது நாட்டில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அதில் அம்பாறையும் ஒன்று. கொழும்புப் பாடசாலையில் பிறக்காத பிள்ளைக்கு அது ஒரு சின்ன நியாயம். அதை வேண்டாம் என்று சொல்ல நமக்கு மனம் வராது.

ஆகவே நாம் சொல்வது இவ்வளவுதான். இசட் புள்ளி பல்கலைக்கழக வாசலில் நிற்கட்டும். வெட்டுப்புள்ளி பாடசாலை அனுமதிப் படிவத்தில் நிற்கட்டும். இரண்டையும் வீட்டுக்குள் கூட்டிவர வேண்டாம்.

இதற்குப் பதிலாக ஆறு மார்க்ஸ் போடலாம் என்றும் நாம் கேட்கவில்லை. அப்படிப் போட்டால் நாளைக்கு 'ஆளுமை'க்கும் டியூசன் தொடங்கிவிடும். நாம் கேட்பது சின்ன விடயங்கள்.

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளின் படமும் புள்ளியும் போட்ட பெனரை இந்த முறை நிறுத்துவோம். சித்தியடைந்த பிள்ளைக்கு வீட்டில் சாப்பாடு போட்டு துஆச் செய்தால் போதும். ரிசல்ட் கிழமையில் "எத்தின?" என்று கேட்காமல், "இனி என்ன செய்ய விருப்பம்?" என்று கேட்போம். உயர்தரத்தில் கிடைக்காத பிள்ளையோடு சம்மாந்துறை தொழில்நுட்பக் கல்லூரிக்கு வாப்பாவும் ஒரு தரம் போய், என்னென்ன படிக்கலாம் என்று பார்த்து வரட்டும். தண்டனை கொடுக்கக் கூட்டிப் போவது போல அல்ல, கதவு பார்க்கப் போவது போல.

அல்லாஹ் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏதோ ஒன்றைக் கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறான். அது எது என்று தேடுவது பெற்றோரினதும் ஆசிரியர்களினதும் வேலை. அந்த வேலையைப் பரீட்சைத் திணைக்களம் நமக்காகச் செய்து தராது.

உங்கள் கருத்தையும் எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் எழுதுங்கள். பெனர் கட்டும் தம்பிமாருக்கும் கட்டாயம் ஷேயார் பண்ணுங்கள்.