பிடித்தவன் ஏப்பம் விட்டான், கொடுத்தவனுக்கா தண்டனை?



லேக் மார்க்கெட் பக்கம் நம்மவர் இருவர் சந்தித்தால் இப்போது இதுதான் பேச்சு: "பதினெட்டாயிரம் ரீஃபண்டு வரும் என்றான் ஏஜெண்டு, ஏழாயிரம்தான் வந்தது." அப்புறம் ஒரு பெருமூச்சு: "யானை வாயில் போன கரும்பு. வந்தவரை லாபம்!"

லாபமா? இது யார் கொடுத்த இனாம்? மாதாமாதம் நம் சம்பளத்தில் பிடித்த பணம் அல்லவா? அதிகம் பிடித்ததைத் திருப்பித் தருவது கடனைத் தீர்ப்பது, தர்மம் செய்வதல்ல.

தொகை குறைய நியாயமான காரணங்களும் உண்டு. ஒரே ஆண்டில் இரண்டு கம்பெனிகளில் வேலை பார்த்தால், இரண்டு பேருமே விலக்குத் தொகையைக் கழித்துவிட்டு வரியைக் குறைத்துப் பிடித்திருப்பார்கள். பாங்கு டெபாசிட் வட்டியை நாமே காட்ட மறந்திருப்போம். இவற்றுக்காக யாரையும் ஏசவேண்டியதில்லை.

ஆனால், "பழைய பாக்கி" என்று கழிக்கிறார்களே, அதைத்தான் கேட்கவேண்டும். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 245ஆம் பிரிவு இந்த அதிகாரத்தைத் தந்தது. 2025ஆம் ஆண்டுப் புதிய சட்டத்திலும் அது இருக்கிறது. அந்தப் பாக்கி உண்மையானதா? 2012இல் ஒரு கணக்காயர் எழுதிய கடிதத்தையே டில்லி உயர்நீதிமன்றம் வழக்காக எடுத்துக்கொண்டது. தவறான பாக்கிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, நோட்டீஸ்கூடக் கொடுக்காமல் ரீஃபண்டைக் கழிக்கிறார்கள் என்பதே புகார். முதலில் அறிவிப்புக் கொடு, பதிலைக் கேள், பிறகு கழி என்று 2013 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. 2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே ஒப்புக்கொண்டார்: 1962 முதலான, சரிபார்க்கப்படாத சில்லறைப் பாக்கிகள் ரீஃபண்டுக்குத் தடையாக நிற்கின்றன என்று!

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. கிங்ஃபிஷர் விமானக் கம்பெனி ஊழியர் சம்பளத்தில் வரியைப் பிடித்தது, சர்க்காருக்குக் கட்டவில்லை. வரி இலாகா யார் மடியில் கை வைத்தது? ஊழியரின் ரீஃபண்டில்! அது செல்லாது என்று 2023இல் டில்லி உயர்நீதிமன்றம் சொல்லவேண்டியிருந்தது. வானத்தில் பறந்தவருக்கே இந்தக் கதி என்றால், காண்டிராக்டரிடம் கூலி வாங்கும் நமக்கு?

வட்டியிலும் பாரபட்சம்தான். நாம் வரி பாக்கி வைத்துக் கணக்கைத் தாமதமாகக் கொடுத்தால் மாதம் ஒரு சதவீதம். அவர்கள் தாமதித்தால் அரை சதவீதம். ரீஃபண்டு நம் மொத்த வரியில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவென்றால் அதுவும் கிடையாது!

ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கணக்கில் ஏஜெண்டின் போன் நம்பரும் ஈமெயிலும் இருந்தால் நோட்டீஸ் அவனுக்குப் போகும். நஷ்டம் நமக்கு வரும். பொய்க் கழிவு காட்டி "பெரிய ரீஃபண்டு" வாங்கித் தருவதாகச் சொல்லிக் கமிஷன் கேட்பவனை வாசலிலேயே நிறுத்துங்கள். நாளை அபராதம் கட்டப்போவது அவனல்ல.

தோழர்களே! சொந்த நம்பரைப் பதியுங்கள். முதலாளியிடம் வரி பிடித்ததற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். பிடித்த வரி உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்று இலாகாக் கணக்கில் பாருங்கள். பாக்கி நோட்டீஸ் வந்தால் கெடுவுக்குள் மறுப்பை எழுதுங்கள்; சம்பளச் சீட்டே சாட்சி.

சௌரங்கி ஸ்கொயர் ஆயகர் பவனுக்கு நம் கோரிக்கை ஒன்றே: வரியைப் பிடித்துக் கட்டாதவனிடம் போய் வசூல் செய். ஏமாந்தவன் பையில் கை வைக்காதே!